இரண்டு ரிக்‌ஷாக்கள், ஒரு விருது

1971ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகருக்கான ‘பாரத்’ விருது ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக எம்.ஜி.ஆருக்கு வழங்கப்பட்டது. தமிழ்ப் படத்தில் நடித்த ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. அடுத்த முறைக்கு, ‘மூன்றாம் பிறை’யில் கமல்ஹாசன் பெறும்வரை, 11 ஆண்டுகள் ஆயின. அப்படிப்பட்ட பெருமையைத் தமிழகம் ஒருமனதாகக் கொண்டாடியிருக்க வேண்டும். கொண்டாடவில்லை. விருதைப் பற்றிப் பேச்செடுத்தால், சிவாஜிக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வியும், டெல்லிக்கும் தி.மு.க.வுக்கும் அன்றிருந்த உறவும் உடனே நடுவில் வந்து நிற்கும். ரசிகர்கள் இரண்டு பக்கமாகப் பிரிவார்கள். படத்தில் எம்.ஜி.ஆர். என்ன செய்தார் என்பது மட்டும் பேசப்படாமலேயே போகும்.

இந்தக் கட்டுரை அந்த விடுபட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. ‘ரிக்‌ஷாக்காரன்’ எம்.ஜி.ஆருக்கு அந்த ஆண்டின் சிறந்த நடிகர் விருதைத் தரும் அளவுக்கு நடிப்பைக் கொண்டிருந்ததா? இல்லை என்பதே என் முடிவு. ஆனால் ‘எம்.ஜி.ஆருக்கு நடிக்கத் தெரியாது’ என்ற வழக்கமான காரணத்தை நான் ஏற்கவில்லை. அந்தக் காரணம் தவறானது என்பதை அவருடைய பழைய படங்களே காட்டும்.

அரசியலை முதலில் தீர்த்துக்கொள்வோம்

சந்தேகத்துக்கு இடமளித்த சூழல் கற்பனையன்று. 1969இல் காங்கிரஸ் பிளவுபட்டபோது நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இழந்த இந்திரா காந்தியின் அரசைத் தாங்கிய கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று. 1971 மார்ச்சில் நடந்த தேர்தலில் இரு கட்சிகளும் கூட்டுச் சேர்ந்தன. சட்டமன்றத்தில் இந்திரா காங்கிரஸ் ஓர் இடத்தில்கூடப் போட்டியிடாமல் விட்டுக்கொடுக்க, தி.மு.க. 184 இடங்களில் வென்றது. எம்.ஜி.ஆர். அப்போது கட்சியின் பொருளாளர். பரங்கிமலையிலிருந்து இரண்டாம் முறையாகத் தேர்வான சட்டமன்ற உறுப்பினர். சிவாஜியோ எதிர்முகாமில், காமராஜரின் ஸ்தாபன காங்கிரசில் இருந்தார். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து வெளியேற்றப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கினார். விருது அதற்கு முந்தைய, டெல்லியும் சென்னையும் நெருங்கியிருந்த காலத்தில் வந்தது.

விருது அமைப்பும் அரசுக்கு வெளியே நிற்கவில்லை. திரைப்பட விழா இயக்ககம் 1973இல்தான் அமைந்தது. அதுவரை தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே விருதுகளை நேரடியாக நடத்திவந்தது. நடுவர்களை அமர்த்தியதும் அரசுதான். ஆகவே செல்வாக்கு நுழைய வாசல் இருந்தது. ஆனால் வாசல் இருந்ததாலேயே ஆள் நுழைந்தார் என்று ஆகிவிடாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஒரு தீர்ப்பு எந்த வழியில் வந்தது என்பதும், அது சரியா என்பதும் தனித்தனிக் கேள்விகள். சிபாரிசால் வந்த விருதும் தகுதியானவரிடம் போய்ச் சேரலாம்; முழு நேர்மையோடு எடுத்த முடிவும் பிழையாகலாம். அரசியலைச் சொல்லி விவாதத்தை முடிப்பவர்கள், ஆதரவாளர்களானாலும் எதிர்ப்பாளர்களானாலும், படத்தைப் பார்க்கும் வேலையிலிருந்து தங்களை விடுவித்துக்கொள்கிறார்கள்.

எந்த அளவுகோல்?

‘தகுதி’ என்பதை இரண்டு விதமாகக் கேட்கலாம். அந்த நடிப்பு தன்னளவில் உயர்ந்ததா? அந்த ஆண்டின் மற்ற நடிப்புகளோடு வைத்துப் பார்க்கும்போது முதலிடத்தில் நிற்குமா? விருது இரண்டாவது கேள்விக்குத்தான் விடை சொல்கிறது. ஆனால் முதலாவதைத் தாண்டாமல் இரண்டாவதுக்குப் போக முடியாது.

பாரத் விருது எந்த வகை நடிப்பை மதித்தது என்பதை அதன் தொடக்ககாலப் பட்டியலே சொல்கிறது. நடிப்புக்கான தேசிய விருது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வழங்கப்பட்டது. முதலில் ‘ஆண்டனி ஃபிரிங்கி’, ‘சிடியாகானா’ ஆகிய இரண்டு வங்கப் படங்களுக்காக உத்தம் குமார். அடுத்து ‘ஆசீர்வாத்’ படத்துக்காக அசோக் குமார். 1969க்கு ‘புவன் ஷோம்’ உத்பல் தத். 1970க்கு ‘தஸ்தக்’ சஞ்சீவ் குமார். பின்னால் வந்தவர்கள், ‘கோஷிஷ்’ படத்துக்காக மறுபடி சஞ்சீவ் குமார், ‘நிர்மால்யம்’ பி.ஜே. ஆண்டனி. இவர்களில் பெரிய நட்சத்திரங்களும் உண்டு. ஆனால் ஒவ்வொருவரும் பரிசு பெற்றது தன்னை விட்டு விலகி இன்னொரு மனிதராக நின்றதற்காக. கடுகடுப்பான ரயில்வே அதிகாரி, பேச்சும் செவிப்புலனும் அற்ற இளைஞன், வறுமையில் நொறுங்கும், கோயிலில் அருள்வாக்குச் சொல்லும் வெளிச்சப்பாடு என வேடங்கள் வேறுபட்டாலும் கோரிக்கை ஒன்றுதான். இந்த வரிசையின் நடுவில் ‘ரிக்‌ஷாக்காரன்’ தனித்துத் தெரிகிறது.

நட்சத்திரங்களைப் பற்றி ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்ட் டயர், நடிகரின் பிம்பத்துக்கும் பாத்திரத்துக்கும் இடையே மூன்று வகை உறவுகளைக் குறிப்பிடுகிறார். பிம்பத்தின் சில கூறுகளை மட்டும் பாத்திரம் எடுத்துக்கொள்ளலாம். பிம்பமும் பாத்திரமும் முழுதாகப் பொருந்திப் போகலாம். இரண்டும் முரண்பட்டு நிற்கலாம். இதில் இரண்டாவது வகைதான் விருதுக் குழுவுக்குச் சிக்கலானது. நடிகர் தன் பிம்பத்தையே முழுமையாக நிகழ்த்தும்போது, அதில் பாத்திரத்துக்காக அவர் புதிதாக உருவாக்கியது எவ்வளவு என்று பிரித்தெடுப்பது கடினம்.

செல்வம் என்ன செய்கிறான்?

எம். கிருஷ்ணன் நாயர் இயக்க, ஆர்.எம். வீரப்பனின் சத்யா மூவீஸ் தயாரித்த ‘ரிக்‌ஷாக்காரன்’ 1971 மே 29இல் வெளியானது. எம்.எஸ். விஸ்வநாதன் இசை, மஞ்சுளா, பத்மினி, அசோகன், மேஜர் சுந்தரராஜன், சோ உடன் நடித்தார்கள். எம்.ஜி.ஆர். சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் செல்வம்.

படத்தில் இன்றும் பேசப்படும் காட்சி சிலம்பச் சண்டை. ரிக்‌ஷாவை விட்டு இறங்காமல், அதை வட்டமிட்டு ஓட்டிக்கொண்டே கம்பு சுழற்றிச் சூழ்ந்தவர்களை விரட்டுகிறார். அப்போது அவருக்கு வயது 54. கம்புச் சுழற்சி உண்மையான பயிற்சியிலிருந்து வருவது. உடலின் சமநிலை, வேகம், எதிராளியின் அடியைக் கண்ணால் முன்கூட்டியே வாங்கும் கவனம் எல்லாம் துல்லியம். இதை ‘வெறும் சண்டை’ என்று ஒதுக்குகிறவர் திரைநடிப்பை வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறார். உடலால் ஒரு மனிதனின் தன்னம்பிக்கையைச் சொல்வதும் நடிப்புத்தான்.

அவருடைய உடல்மொழி இவ்வளவு முன்னுக்கு வந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்டதில் கழுத்தில் குண்டு பாய்ந்து எம்.ஜி.ஆரின் குரல் மாறிப்போனது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த ஒரு நாடக நடிகருக்கு அது பாதிச் சொத்தைப் பறிகொடுத்ததற்குச் சமம். அதன்பின் வந்த படங்களில் அவர் நீண்ட வசனத்தை நம்பாமல் கைவீச்சு, நடை, சிரிப்பு, திரும்பிப் பார்க்கும் கணம் ஆகியவற்றின் மேல் சுமையை மாற்றினார். தன் குறையை அறிந்து கலையைத் திருத்தியமைப்பது தேர்ந்த கலைஞரின் வேலை. ‘ரிக்‌ஷாக்காரன்’ அந்தத் திருத்தம் முழுமை பெற்ற படங்களில் ஒன்று.

இவ்வளவும் ஆதரவாகச் சொல்லக்கூடியவை. இப்போது வேறொன்றைக் கேட்போம்: செல்வம் ரிக்‌ஷா ஓட்டாமல் வேறு வேலை பார்த்திருந்தால் அவனில் என்ன மாறியிருக்கும்?

ஏறக்குறைய ஒன்றும் மாறியிருக்காது. ‘படகோட்டி’யில் அவர் மீனவர், ‘விவசாயி’யில் உழவர், ‘மாட்டுக்கார வேலன்’ படத்தில் மாடு மேய்ப்பவர். தொழில் மாறுகிறது, நிற்கும் விதம், தாயை வணங்கும் விதம், காதலியிடம் காட்டும் குறும்பு, வில்லனிடம் காட்டும் நிதானம் எதுவும் மாறவில்லை. செல்வத்தின் தோளில் சவாரியின் பாரம் தெரிவதில்லை. கூலிக்குப் பேரம் பேசும் தயக்கமோ, நாள் முடிவில் வாங்கும் மூச்சோ பாத்திரத்தின் இயல்பாகப் பதியவில்லை. ரிக்‌ஷா அவனுக்குப் பிழைப்பாக இருப்பதைவிட மேடையாகவே இருக்கிறது. உயரத்தில் அமர்ந்து ஊரைப் பார்க்க, பாட, போரிட ஏற்ற ஆசனம்.

இது திட்டமிட்ட தேர்வு என்பதையும் மறக்கக் கூடாது. உழைப்பாளி களைத்துப்போனவனாக அன்றி வெற்றி பெற்றவனாகவே திரையில் தோன்ற வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். படங்களின் அடிப்படை ஒப்பந்தம். 1960களின் தொடக்கத்தில் சென்னை ரிக்‌ஷா ஓட்டுநர்களுக்கு மழைக்கோட்டுகள் கொடுத்தவர் அவர். அரங்கில் அமர்ந்திருந்த ஓட்டுநருக்குத் திரையில் இருந்தவன் செல்வம் மட்டுமல்லன். மழைக்கோட்டு தந்த எம்.ஜி.ஆரும்கூட. இந்தப் பிம்பம் அடித்தட்டு மக்களிடம் எப்படி வேலை செய்தது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தமிழில் அது ‘பிம்பச் சிறை’. பாத்திரத்துக்குள் நடிகர் மறையாமல், நடிகருக்குள் பாத்திரம் மறைவதே இந்தப் படங்களின் வெற்றி. அந்த வெற்றிக்கு விருது கொடுப்பதானால், பாரத் விருது முன்னும் பின்னும் மதித்ததற்கு நேர்மாறான ஒன்றை அந்த ஓர் ஆண்டில் மட்டும் மதித்தது என்றாகிறது.

அதே ஆண்டில் இன்னொரு ரிக்‌ஷா

ஆய்வாளர் கேட்டுப் பெற முடியாத ஓர் ஒப்பீட்டை 1971 தானாகவே தந்தது. அந்தத் தீபாவளிக்கு வெளியான ‘பாபு’வில் சிவாஜியும் ரிக்‌ஷாக்காரர். ஏ.சி. திருலோகசந்தர் இயக்கியது. கேசவதேவ் எழுதிய மலையாள நாவலிலிருந்து 1965இல் கே.எஸ். சேதுமாதவன் எடுத்த ‘ஓடையில் நின்னு’ படத்தின் தமிழ் வடிவம். தந்தையை இழந்த ஒரு சிறுமியைத் தன் உழைப்பால் படிக்கவைத்து ஆளாக்கும் ரிக்‌ஷாக்காரன், வளர்ந்தபின் அவளுக்கே தன்னால் கூச்சம் ஏற்படுவதைத் தாங்குகிறான். காசநோய் அவனைத் தின்கிறது.

சிவாஜி இழுப்பது கைரிக்‌ஷா. வேறுபாடு முழுவதும் அதில் இருக்கிறது. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் உட்கார்ந்து மிதிக்கிறார். கைரிக்‌ஷாக்காரர் இரண்டு கட்டைகளுக்கு நடுவே மாட்டின் இடத்தில் நின்று ஓடுகிறார். சிவாஜி அந்த ஓட்டத்தைத் தன் உடலில் வாங்கிக்கொள்கிறார். இளமையில் அதில் ஒரு துள்ளல் இருக்கிறது. காலம் போகப்போக முதுகு முன்னே சாய்கிறது, கால்களின் தாளம் குறைகிறது. கட்டைகளைப் பிடிக்காத நேரத்திலும் அந்தச் சாய்வு உடலில் தங்கிவிடுகிறது. தொழில் இங்கே உடையாக நின்றுவிடவில்லை, எலும்பில் ஏறியிருக்கிறது. பாபுவை மீனவனாகவோ விவசாயியாகவோ மாற்றினால் இந்த நடிப்பு அப்படியே இருக்காது.

அதற்காக ‘பாபு’வைக் குறையற்றது என்று சொல்ல மாட்டேன். நோயும் முதுமையும் சேரும் பின்பாதியில் சிவாஜி அளவை மீறுகிறார். ஒரே இருமலில் முடிய வேண்டிய துயரத்தை இருமலும் அழுகையும் நடுங்கும் குரலுமாக மூன்று முறை சொல்கிறார். மலையாள மூலத்தில் இதே வேடத்தைச் செய்த சத்யன் எவ்வளவு அடக்கிக்கொண்டார் என்பதைப் பார்த்தவருக்கு இது இன்னும் உறுத்தும். ‘புவன் ஷோம்’ போன்ற படங்களின் அடங்கிய நடிப்புக்குப் பழகிய, தமிழ் தெரியாத நடுவர் ஒருவருக்குச் சிவாஜியின் குரல்வளம் வெறும் சத்தமாகவும், எம்.ஜி.ஆரின் உடல்வளம் எளிதில் எட்டும் அழகாகவும் பட்டிருந்தால் வியப்பில்லை. சிவாஜியின் கலையில் பாதி தமிழ் உச்சரிப்பில் இருக்கிறது. அது மொழி தாண்டினால் மங்கிவிடும்.

ஆகவே ‘பாபு’ நிச்சயம் வென்றிருக்க வேண்டும் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இந்திய மொழிகள் அனைத்தும் போட்டியிட்ட விருது அது. ஆனால் ‘ரிக்‌ஷாக்காரன்’ முதலிடம் பெறத் தகாது என்று காட்ட ‘பாபு’ போதும். அதே தொழில், அதே ஆண்டு, அதே ஊர்த் திரையுலகம். ஒருவர் தொழிலாளியின் உடலைக் கண்டடைகிறார், மற்றவர் தம் உடலைத் தொழிலாளிக்குக் கடன் தருகிறார். சிறந்த நடிகருக்கான விருது முதல் வகைக்கு உரியது. சிவாஜியின் படங்கள் அந்த ஆண்டு நடுவர்களின் பார்வைக்கே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. அவருடைய 150ஆவது படமான ‘சவாலே சமாளி’யில் பாடியதற்காகப் பி. சுசீலா அதே விருது வரிசையில் சிறந்த பின்னணிப் பாடகியானார்.

தவறிய ஆண்டுகள்

இந்த விவாதத்தில் 1971 மட்டுமே மேடையேறுவது சிவாஜிக்கும் நியாயம் செய்வதில்லை. அவருக்கு விருது தவறிய இடத்தைத் தேடுகிறவர் 1968க்குப் போக வேண்டும். ‘தில்லானா மோகனாம்பாள்’ அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படமாகத் தேசிய விருது பெற்றது. நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் கன்னத்தின் உப்பல், கழுத்து நரம்பு, விரல்களின் ஓட்டம், கூடவே ஒரு வித்துவானின் கர்வம் எல்லாம் சிக்கல் சண்முகசுந்தரமாக நின்ற சிவாஜியுடையவை. 1969இல் மூன்று வேடங்களில் நடித்த ‘தெய்வ மகன்’ ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. இந்த இரண்டு ஆண்டுகளிலும் வென்றவர்கள் அசோக் குமாரும் உத்பல் தத்தும். இருவரையும் எளிதில் தள்ளிவிட முடியாது. என்றாலும் உண்மையான போட்டி அங்கேதான் இருந்தது. அவர்களோடு சிவாஜியை வைத்துப் பேசாமல் எம்.ஜி.ஆரோடு மட்டும் வைத்துப் பேசியது, ஒரு கலைக் கேள்வியைத் தமிழகத்தின் கட்சிச் சண்டையாகச் சுருக்கியது.

இன்னும் பின்னால் போனால் வேறோர் உண்மை தெரியும். ‘பராசக்தி’ 1952, ‘பாசமலர்’ 1961, ‘நவராத்திரி’ 1964. அப்போது நடிப்புக்குத் தேசிய விருதே இல்லை. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய – ஆப்பிரிக்கத் திரைப்பட விழா ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னுக்காகச் சிவாஜியைச் சிறந்த நடிகராக்கியபோது, சொந்த நாட்டில் அப்படியொரு விருதின் பெயரே கிடையாது. பின்னாளில் ‘தேவர் மகன்’ படத்துக்கு அறிவிக்கப்பட்ட சிறப்பு நடுவர் விருதும், 1996க்கான தாதாசாகேப் பால்கே விருதும் அந்த வெற்றிடத்தைக் காலம் கடந்து நிரப்பப் பார்த்தவை.

இப்படி முதன்மை விருதிலிருந்து பெருங்கலைஞர் விடுபடுவது இங்கு மட்டும் நடந்ததன்று. ‘ரிக்‌ஷாக்காரன்’ வருவதற்கு ஓர் ஆண்டு முன்புதான் ‘ட்ரூ கிரிட்’ படத்துக்காக ஜான் வெய்னுக்கு ஆஸ்கர் கிடைத்தது. தோற்றவர்களில் ஒருவர் பீட்டர் ஓ’டூல். எட்டு முறை பரிந்துரைக்கப்பட்டும் போட்டியில் ஒருமுறைகூட வெல்லாதவர். ஆனால் வெய்ன் அந்தப் படத்தில் ஒற்றைக்கண் குடிகாரராக வந்து தம் வீர பிம்பத்தையே கொஞ்சம் கேலி செய்தார். பிம்பத்துக்கும் பாத்திரத்துக்கும் இடையே அந்த விரிசல் இருந்ததால் நடிப்பு வெளியே தெரிந்தது. ‘ரிக்‌ஷாக்கார’னில் அந்த விரிசல் இல்லை.

எம்.ஜி.ஆர். இழந்தது

விரிசல் இருந்த எம்.ஜி.ஆர். படங்களும் உண்டு. தெலுங்கு ‘ராமுடு பீமுடு’வின் தமிழ் வடிவமான ‘எங்க வீட்டுப் பிள்ளை’ 1965இல் வந்தது. அதில் இரட்டையரில் ஒருவனான ராமு சவுக்கைக் கண்டாலே ஒடுங்குகிறவன். தமிழகமே வீரனாகப் பார்த்த முகத்தில் எம்.ஜி.ஆர். அச்சத்தைக் கொண்டுவந்தார், தோள்கள் உள்ளே மடங்கின, பார்வை தரையைத் தேடியது. பிறகு அதே உடலில் இளங்கோ நிமிர்ந்து வரும்போது வேறுபாடு வசனம் வருவதற்கு முன்பே புரிந்துவிடுகிறது. மறு ஆண்டு சாப்ளினின் ‘தி கிட்’ தந்த கருவிலிருந்து எடுத்த ‘பெற்றால்தான் பிள்ளையா’வில், வளர்த்த குழந்தையைப் பிரிய நேரும் ஏழையாக வந்தார். வெல்ல முடியாத மனிதன் அவன். பிற்காலத்தில் ‘பாபு’வை இயக்கிய திருலோகசந்தரே எடுத்த ‘அன்பே வா’வில், வில்லனை வைத்து நிமிரும் நாயகனாக இல்லாமல், சொந்த மாளிகையிலேயே வாடகைக்கு இருக்கும் பணக்காரனாக நகைச்சுவையில் இலகுவாக இருந்தார்.

நடிகர் எம்.ஜி.ஆரின் தகுதியை நிறுவ வேண்டுமானால் இந்தப் படங்களைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். இவையும் விருது தொடங்குமுன், குண்டு பாயுமுன் வந்தவை. 1971இல் விருது அவரை எட்டியபோது அவருடைய குரலும் குறைந்திருந்தது. வேடங்களின் அகலமும் அரசியல் பிம்பத்தின் அளவுக்குச் சுருங்கியிருந்தது. சிவாஜிக்கு விருது வராமலே போனது. எம்.ஜி.ஆருக்குத் தவறான படத்துக்கு வந்தது. இரண்டுமே 1967இல்தான் நடிப்பை மதிக்கத் தொடங்கிய ஓர் அமைப்பின் விளைவுகள்.

இதில் எம்.ஜி.ஆருக்கு ஏற்பட்ட நட்டம் கவனிக்கப்படாதது. விருது அவரை நடிகராக நிலைநாட்டியிருக்க வேண்டும், நடந்தது எதிர்மாறு. ரசிகர் அதைக் காட்டி வாதத்தை முடித்துக்கொண்டார், எதிராளி அதைக் காட்டியே ஏளனத்தைத் தொடங்கினார். இருவரும் ‘ரிக்‌ஷாக்கார’னையே பிடித்துக்கொண்டதால், ராமுவின் ஒடுங்கிய தோள்களைப் பற்றி நடிப்புக் கலை சார்ந்த பேச்சு வளரவே இல்லை. 1971இன் விருதை எம்.ஜி.ஆரின் கணக்கிலிருந்து கழித்துவிட்டுப் பார்த்தால் நடிகராக அவர் குறைந்துபோக மாட்டார். அவரை நடிகராகப் பேசுவதற்கு ஏற்ற படங்கள் அப்போதுதான் முன்னுக்கு வரும்.